ஒரே உறுப்பைப் பிடிக்கப் பல செலக்டர்கள்: எதை எப்போது எடுப்பது?

ஒரு பட்டியலில் வரிகளுக்கு இடையே கோடு வேண்டும், கடைசி வரிக்குக் கீழே மட்டும் வேண்டாம். இணையப் பக்கத்தின் தோற்றத்தை எழுதும் சிஎஸ்எஸ்ஸில், ஸ்டைல் எந்த உறுப்புக்கு என்று சொல்லும் பகுதிதான் செலக்டர். இந்தக் கோட்டுக்கு அதில் குறைந்தது நான்கு வழிகள் உண்டு. கடைசி உருப்படிக்கு ஒரு கிளாஸ் கொடுத்து கோட்டை எடுத்துவிடலாம். எல்ஐ:லாஸ்ட்-சைல்ட் (கடைசிக் குழந்தையாக இருக்கும் எல்ஐ; எல்ஐ என்பது பட்டியல் உருப்படியின் டேக்) என்று எழுதி எடுக்கலாம். எல்ஐ:நாட்(:லாஸ்ட்-சைல்ட்) என்று எழுதி மற்றவற்றுக்கு மட்டும் கோடு போடலாம். எல்ஐ + எல்ஐ (ஓர் எல்ஐக்கு அடுத்து வரும் எல்ஐ) என்று எழுதி, கோட்டை ஒவ்வொன்றின் மேல் பக்கத்தில் வைக்கலாம்.

நான்கும் திரையில் ஒன்றுபோலவே தெரியும். பக்கத்தின் உறுப்புகளை எழுதும் எச்டிஎம்எல் மாறும்போதுதான் வேறுபாடு வெளியே வரும். பட்டியலின் கடைசியில் யாராவது ஒரு டெம்ப்ளேட் டேக்கை வைத்தால் (பட்டியலின் டேக்கான யூஎல்லுக்குள் அது செல்லும்), கடைசிக் குழந்தை அந்த டெம்ப்ளேட்தான். :லாஸ்ட்-சைல்ட் எந்த எல்ஐயையும் பிடிக்காது, எடுக்க நினைத்த கோடு அப்படியே நிற்கும். எல்ஐ + எல்ஐ அந்த மாற்றத்தைத் தாங்கும். அதன் எடையும் (விதிகள் மோதும்போது எது வெல்லும் என்று முடிவு செய்யும் ஸ்பெசிஃபிசிட்டி) நான்கிலும் மிகக் குறைவு, அதனால் பின்னால் மாற்றி எழுதுவதும் சுலபம். இந்தப் பட்டியலுக்கு என் தேர்வு அதுதான்.

எந்தச் சிறப்புச் செலக்டரையும் எடுப்பதற்கு முன் பார்க்க வேண்டியவை இந்த இரண்டே: நாளை இதை மாற்றி எழுத எவ்வளவு எடை தேவைப்படும்? எச்டிஎம்எல் மாறினால் இது எந்த இடத்தில் உடையும்?

எடைக் கணக்கு

ஸ்பெசிஃபிசிட்டி மூன்று இடங்கள் கொண்ட எண். முதல் இடம் ஐடிகளுக்கு. இரண்டாவது கிளாஸ், ஆட்ரிபியூட், சூடோ-கிளாஸ் (:லாஸ்ட்-சைல்ட் போன்றவை) மூன்றுக்கும். மூன்றாவது டேக் பெயருக்கும் சூடோ-எலிமென்டுக்கும் (::பிஃபோர் போன்றவை). இடமிருந்து வலமாக ஒப்பிட வேண்டும். மேல் இடத்தில் உள்ள ஒன்றை, கீழ் இடத்தில் எத்தனை சேர்ந்தாலும் வெல்ல முடியாது. மேலே சொன்ன பட்டியலில் கிளாஸ் (0,1,0). எல்ஐ:லாஸ்ட்-சைல்ட், எல்ஐ:நாட்(:லாஸ்ட்-சைல்ட்) இரண்டும் (0,1,1). எல்ஐ + எல்ஐ (0,0,2). நட்சத்திரக் குறிக்கு எடையே இல்லை. :ரூட் (0,1,0), அதே உறுப்பைக் குறிக்கும் எச்டிஎம்எல் டேக் பெயர் (0,0,1). தீம் நிறங்களை ஓர் இடத்தில் :ரூட் என்றும் இன்னோர் இடத்தில் எச்டிஎம்எல் என்றும் எழுதினால், பின்னால் எழுதியது ஏன் தோற்கிறது என்ற கேள்விக்கு விடை இங்கே இருக்கிறது.

அடைப்புக்குள் வேறு செலக்டரை வாங்கும் சூடோ-கிளாஸ்களில்தான் கணக்கு மாறுகிறது. :இஸ், :நாட், :ஹாஸ் மூன்றுக்கும் சொந்த எடை கிடையாது; உள்ளே இருப்பவற்றில் மிகக் கனமானதன் எடையை எடுத்துக்கொள்ளும். :வேர் மட்டும், உள்ளே ஐடியே இருந்தாலும், சுழியம்.

:இஸ் எடுப்பதா, :வேர் எடுப்பதா

இரண்டும் ஒரே உறுப்புகளைத்தான் பிடிக்கும். எடை மட்டுமே வேறு. ஆனால் அந்த ஒரு வேறுபாட்டை வைத்துத்தான் பெரிய ஸ்டைல்ஷீட்டுகள் நிற்கின்றன அல்லது சரிகின்றன. அதனால் இதில் கொஞ்சம் நிதானமாகவே போகலாம்.

:இஸ்(எச்2, .துணைத்தலைப்பு, #முகப்பு) ஏ

இந்த விதி ஒரு சாதாரண எச்2வுக்குள் இருக்கும் இணைப்பைப் பிடிக்கும்போதும் அதன் எடை (1,0,1). பொருந்தியது எச்2 தானே என்று பிரவுசர் இரக்கம் காட்டாது. பட்டியலில் உள்ள கனமான உருப்படியான ஐடிதான் எல்லோருக்கும் எடை. இதையே காற்புள்ளி போட்டு மூன்று தனிச் செலக்டர்களாக எழுதியிருந்தால் ஒவ்வொன்றுக்கும் அதன் எடையே இருந்திருக்கும். எனவே :இஸ்ஸுக்குள் ஐடியைப் போடாதீர்கள். எடை ஒத்தவற்றை மட்டும் சேர்த்தால் :இஸ் மிக நல்ல சுருக்கெழுத்து.

நெஸ்டிங் (ஒரு விதிக்குள் இன்னொரு விதி) எழுதுபவர்களுக்கு இது இன்னும் முக்கியம். பிரவுசரே புரிந்துகொள்ளும் நெஸ்டிங்கில், வெளிச் செலக்டர் உள்ளே :இஸ் போலவே நடந்துகொள்ளும். வெளியே “.பெட்டி, #முதன்மை” என்று இருந்து உள்ளே எச்3 இருந்தால், இரண்டு இடத்திலும் எடை (1,0,1). சிஎஸ்எஸ்ஸாக மாற்றப்படும் சாஸ் மொழி இதைத் தனித்தனிச் செலக்டர்களாக விரித்து எழுதும், அதனால் அங்கே இந்தச் சிக்கல் இல்லை. சாஸ் கோப்பை அப்படியே நேரடி சிஎஸ்எஸ்ஸாக மாற்றும்போது சில விதிகள் திடீரென்று வலுப்பெறுவதற்குக் காரணம் இதுதான்.

:வேர், பிறர் மாற்றி எழுதப்போகும் அடித்தள ஸ்டைலுக்கு ஏற்றது. :வேர்(.கட்டுரை) எச்2 என்று எழுதினால் எடை (0,0,1) மட்டுமே, பின்னால் ஒரே ஒரு கிளாஸ் போட்டு யாரும் மாற்றலாம். பலர் பயன்படுத்தும் நூலகமோ தீமோ எழுதினால், இயல்பு ஸ்டைல்கள் எல்லாவற்றையும் :வேருக்குள் வைப்பது பயனருக்குச் செய்யும் பெரிய உதவி.

அதற்கு ஒரு விலையும் உண்டு. :வேர்(.பொத்தான்) என்ற விதியின் எடை சுழியம். பிரவுசரின் இயல்பு ஸ்டைல்களைச் சமன்செய்யும் ரீசெட் கோப்பில் வெறும் பட்டன் டேக்குக்கு ஒரு விதி இருந்தாலே அது (0,0,1) எடையோடு இதை வென்றுவிடும், எந்த வரிசையில் ஏற்றினாலும். “கிளாஸ் கொடுத்தும் பொத்தானின் நிறம் வரவில்லை” என்றால் முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும். :வேர் எடுத்தால் ரீசெட்டையும் :வேருக்குள் கொண்டுபோக வேண்டும். பாதி வழியில் நிறுத்தக் கூடாது.

மூன்றாவது வழி லேயர். 2022இல் எல்லா முக்கிய பிரவுசர்களுக்கும் வந்த @லேயர், எடைக்கு முன்பே வரிசையைப் பார்க்கும். கீழ் லேயரில் ஐடி இருந்தாலும் மேல் லேயரின் டேக் விதி வெல்லும். எந்த லேயரிலும் இல்லாத விதி எல்லா லேயரையும் வெல்லும். தளம் முழுவதும் உங்கள் கையில் இருந்தால் :வேரைவிட லேயர் தெளிவானது. உங்கள் கோப்பு பிறர் தளத்துக்குள் போகிறது என்றால், அங்கே லேயர் எப்படி அடுக்கப்பட்டிருக்கும் என்று சொல்ல முடியாது, அப்போது :வேர். லேயருக்குள் !இம்பார்ட்டன்ட் போட்டால் வரிசை தலைகீழாகும், முதலில் அறிவித்த லேயர் வெல்லும் என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

காற்புள்ளிப் பட்டியலோடு ஒப்பிட்டால் :இஸ், :வேர் இரண்டுக்கும் இன்னொரு குணம் உண்டு. சாதாரணப் பட்டியலில் பிரவுசருக்குப் புரியாத ஒரு செலக்டர் இருந்தால் விதி முழுவதும் தூக்கி எறியப்படும். :இஸ்ஸும் :வேரும் புரியாததை மட்டும் விட்டுவிட்டு மற்றதை ஏற்கும். ஆனால் இவற்றுக்குள் சூடோ-எலிமென்ட் செல்லாது. ரேஞ்ச் ஸ்லைடரின் குமிழுக்கு ::-வெப்கிட்-ஸ்லைடர்-தம்ப், ::-மோஸ்-ரேஞ்ச்-தம்ப் இரண்டையும் ஒரே பட்டியலில் எழுதினாலும் பயனில்லை, :இஸ்ஸுக்குள் எழுதினாலும் பயனில்லை. ஒரே ஸ்டைலை இரண்டு தனி விதிகளாகத்தான் எழுத வேண்டும்.

ஒரு நுட்பமும் உண்டு. “.அ :இஸ்(.ஆ .இ)” என்பது “.அ .ஆ .இ” ஆகாது. முதலாவது, .இ என்ற உறுப்புக்கு மேலே எங்கோ .ஆ இருக்க வேண்டும், எங்கோ .அ இருக்க வேண்டும் என்று மட்டும் கேட்கிறது. .ஆவுக்குள் .அ இருந்தாலும் பொருந்தும்.

:நாட் எங்கே ஏமாற்றும்

இருள் தீம் இல்லாத இடத்தில் மட்டும் பத்தியின் நிறத்தை மாற்ற வேண்டும் என்று இப்படி எழுதுவார்கள்:

:நாட்(.இருள்) பி

இது ஏறக்குறைய எல்லாப் பத்திகளையும் பிடிக்கும். பத்திக்கு மேலே .இருள் இல்லாத மூதாதை ஒன்று இருந்தால் போதும் என்பதே இதன் பொருள். எச்டிஎம்எல் டேக்கோ பாடியோ அந்த நிபந்தனையை நிறைவேற்றிவிடும். கிளாஸ் பாடியில்தான் வரும் என்று உறுதியாகத் தெரிந்தால் பாடி:நாட்(.இருள்) பி என்று எழுதலாம். எங்கே வேண்டுமானாலும் வரலாம் என்றால்:

பி:நாட்(.இருள் பி)

“.இருள்க்குள் இருக்கும் பத்தியாக இல்லாத பத்தி” என்பதே நமக்கு வேண்டியது. இதன் எடை (0,1,2).

:நாட்டுகளைத் தொடராக அடுக்குவதா, ஒரே :நாட்டுக்குள் பட்டியல் கொடுப்பதா? பிடிக்கும் உறுப்புகள் ஒன்றே. :நாட்(.அ):நாட்(.ஆ) எடை (0,2,0), :நாட்(.அ, .ஆ) எடை (0,1,0). பட்டியலே மேல். ஆனால் :நாட் தன் பட்டியலில் பிழையைப் பொறுக்காது. புரியாத ஒன்று இருந்தால் விதி முழுவதும் போகும்.

எண்ணிப் பிடிப்பது: சைல்ட், ஆஃப்-டைப், ஆஃப்

தவறான புரிதல் மிக அதிகம் இருப்பது இங்கேதான். பி:என்த்-சைல்ட்(2) என்றால் இரண்டாவது பத்தி என்று பொருளில்லை. தன் பெற்றோரின் இரண்டாவது குழந்தையாக இருக்க வேண்டும், பத்தியாகவும் இருக்க வேண்டும். முன்னால் ஒரு எச்2 இருந்தால் இது முதல் பத்தியைப் பிடிக்கும். அந்த எச்2க்கு மேல் நாளை ஒரு படம் வந்தால் எதையும் பிடிக்காது.

பி:என்த்-ஆஃப்-டைப்(2) பத்திகளை மட்டும் எண்ணும், அதனால் தலைப்பும் படமும் வந்துபோவது அதைப் பாதிக்காது. கட்டுரையின் முதல் பத்தியைப் பெரிய எழுத்தில் காட்டுவது போன்ற வேலைக்கு பி:ஃபர்ஸ்ட்-ஆஃப்-டைப் சரி. ஆனால் இது டேக்கை மட்டும் பார்க்கும், கிளாஸைப் பார்க்காது. .குறிப்பு:என்த்-ஆஃப்-டைப்(2) என்று எழுதுபவர் இரண்டாவது குறிப்பை எதிர்பார்க்கிறார். முதல் பத்திக்கும் மூன்றாம் பத்திக்கும் அந்தக் கிளாஸ் இருந்தால் விதி எதையும் தொடாது. இரண்டாம் பத்திக்கு அந்தக் கிளாஸ் இல்லையே.

உண்மையில் வேண்டியது இது:

:என்த்-சைல்ட்(2 ஆஃப் .குறிப்பு)

முதலில் .குறிப்பு உள்ளவற்றை வடிகட்டி, பிறகு எண்ணும். எடை (0,2,0): சூடோ-கிளாஸுக்கு ஒன்று, உள்ளே உள்ள கிளாஸுக்கு ஒன்று. சஃபாரியில் வெகுகாலமாக இருந்த இந்த வடிவம், 2023இல் குரோம் 111க்கும் ஃபயர்பாக்ஸ் 113க்கும் வந்தது.

இதன் அருமை வடிகட்டும் அட்டவணையில் தெரியும். ஒன்றுவிட்டு ஒன்று நிறம் போட்ட அட்டவணையில், தேடல் பெட்டி சில வரிசைகளுக்கு ஹிட்டன் ஆட்ரிபியூட் கொடுத்து மறைக்கிறது. டிஆர்:நாட்([ஹிட்டன்]):என்த்-சைல்ட்(ஈவன்) மறைந்த வரிசைகளையும் எண்ணும். அதனால் ஒரே நிறத்தில் இரண்டு மூன்று வரிசைகள் சேர்ந்து நிற்கும். டிஆர்:என்த்-சைல்ட்(ஈவன் ஆஃப் :நாட்([ஹிட்டன்])) கண்ணுக்குத் தெரியும் வரிசைகளை மட்டும் எண்ணும். இதற்காக ஜாவாஸ்கிரிப்டில் ஒவ்வொரு தேடலுக்கும் நிறக் கிளாஸை மாற்றிப்போட்ட வேலை முழுவதும் தேவையற்றுப்போகிறது.

அடைப்புக்குள் எழுதும் சூத்திரத்தில் ‘என்’ என்ற எழுத்து (n) 0இலிருந்து தொடங்கும். 3என்+1 என்றால் 1, 4, 7. -என்+3 என்றால் முதல் மூன்று. என்+4 என்றால் நான்காவது முதல் கடைசி வரை. இரண்டு முதல் ஐந்து வரை வேண்டுமென்றால் :என்த்-சைல்ட்(என்+2):என்த்-சைல்ட்(-என்+5) என்று இரண்டையும் ஒட்டி எழுதலாம். எண்ணுக்கும் என் என்ற எழுத்துக்கும் நடுவே இடைவெளி விட்டால் விதி செல்லாது.

பொருள் உள்ள உறுப்புக்கு எண்ணிப் பிடிப்பதே தவறு. மூன்றாவது மெனு உருப்படி “தொடர்பு” என்பதற்காக :என்த்-சைல்ட்(3) எழுதினால், மெனுவில் ஒன்று கூடும் நாளில் நிறம் வேறொன்றுக்குப் போய்விடும். அதற்குக் கிளாஸ்தான். எண்ணிக்கை என்பது வரிசை, இடம் சார்ந்த அழகுக்கு மட்டும்.

:ஹாஸ்: கிளாஸ் போதுமா?

:ஹாஸ் வந்த பிறகு உள்ளே இருப்பதை வைத்து வெளியே இருப்பதைப் பிடிக்க முடிகிறது. சஃபாரி 15.4 (மார்ச் 2022), குரோம் 105 (ஆகஸ்ட் 2022), ஃபயர்பாக்ஸ் 121 (டிசம்பர் 2023) என்ற வரிசையில் வந்தது.

இங்கே ஒப்பிட வேண்டியது மூன்று வழிகளை. படம் உள்ள அட்டைக்கு வேறு அமைப்பு வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். சர்வரில் டெம்ப்ளேட் எழுதும்போதே படம் இருக்கிறதா என்று தெரிந்தால், அங்கேயே ஒரு கிளாஸ் கொடுத்துவிடுங்கள். எடை குறைவு, பழைய பிரவுசரிலும் வேலை செய்யும், எச்டிஎம்எல்லைப் படிப்பவருக்கும் புரியும். உள்ளடக்கம் எடிட்டர் வழியாக வந்து டெம்ப்ளேட்டுக்குக் கட்டுப்படாது என்றால் .அட்டை:ஹாஸ்(> ஐஎம்ஜி). பக்கம் திறந்த பிறகு மாறும் நிலை, அதாவது செக்பாக்ஸ் தேர்வு, பிழையுள்ள களம், திறந்த டயலாக் என்றால் சந்தேகமே வேண்டாம், :ஹாஸ். ஜாவாஸ்கிரிப்டில் கிளாஸைச் சேர்த்தும் நீக்கியும் நிலையோடு ஒத்துப்போக வைப்பதில் எப்போதும் ஒரு பாதை விடுபடும்: ஃபார்ம் ரீசெட் செய்தாலோ, பின் பொத்தானில் திரும்பி வந்தாலோ கிளாஸ் பழையபடியே நிற்கும். :ஹாஸ் நிலையை நேரடியாகப் பார்ப்பதால் அந்த வகைப் பிழையே எழாது.

எண்ணிக்கையைப் பொறுத்த அமைப்புக்கும் இது நல்லது. நான்கோ அதற்கு மேலோ உருப்படி உள்ள பட்டியலை யூஎல்:ஹாஸ்(> எல்ஐ:என்த்-சைல்ட்(4)) பிடிக்கும். முன்பு எல்ஐ:ஃபர்ஸ்ட்-சைல்ட்:என்த்-லாஸ்ட்-சைல்ட்(என்+4) என்று எழுதி, அதன் பின் வரும் எல்ஐக்களையும் சேர்க்க வேண்டியிருந்தது. அதிலும் உருப்படிகளைத்தான் மாற்ற முடியும், யூஎல்லைத் தொட முடியாது.

முன்னால் இருக்கும் உடன்பிறப்பையும் பிடிக்கலாம். நட்சத்திர மதிப்பீட்டில் லேபிள்:ஹாஸ்(~ லேபிள்:ஹோவர்) என்றால், சுட்டி நிற்கும் நட்சத்திரத்துக்கு முந்தியவை எல்லாம். இதற்காக எச்டிஎம்எல்லைத் தலைகீழாக எழுதி ஃப்ளெக்ஸில் ரோ-ரிவர்ஸ் போட்ட பழைய தந்திரம் விசைப்பலகையின் வரிசையையும் தலைகீழாக்கியது. அதை இனி யாரும் எடுக்கத் தேவையில்லை.

பிழைகளில் முதலிடம் இதற்கு: .அட்டை:நாட்(:ஹாஸ்(ஐஎம்ஜி)) என்றால் படமே இல்லாத அட்டை. .அட்டை:ஹாஸ்(:நாட்(ஐஎம்ஜி)) என்றால் படம் அல்லாத ஏதேனும் ஓர் உறுப்பு உள்ள அட்டை. ஒரு பத்தி இருந்தாலே பொருந்திவிடும். அடைப்பின் இடம் மாறினால் பொருளே வேறு.

:ஹாஸுக்குள் இன்னொரு :ஹாஸ் செல்லாது, ::பிஃபோர் போன்ற சூடோ-எலிமென்டும் செல்லாது. பட்டியலில் ஒன்று புரியாவிட்டால் மொத்தமும் போகும். எடையில், உள்ளே உள்ள கனமானதும் சேரும் என்பதால் :ஹாஸ்(#தேடல்) என்று எழுதுவதை விட்டுவிடுங்கள்; [ஐடி=தேடல்] என்று ஆட்ரிபியூட்டாக எழுதினால் கிளாஸின் எடையோடு நிற்கும். வேகத்தைப் பொறுத்தவரை, தொடங்கும் உறுப்பு குறுகலாக இருக்கட்டும். பாடி:ஹாஸ்(.திறந்தது) என்றால் பக்கத்தில் எங்கே மாறினாலும் பிரவுசர் மறுபடி பார்க்க வேண்டியிருக்கும். .மெனு:ஹாஸ்(> .திறந்தது) என்று நேர்க்குழந்தையாகக் கட்டினால் தேடும் இடம் சிறிது.

ஃபோகஸ் மூன்று, பிழைக்களம் மூன்று

பயனர் இப்போது நிற்கும் களத்திலோ பொத்தானிலோதான் ஃபோகஸ் இருக்கும். :ஃபோகஸ், அது எந்த வழியில் வந்தாலும் பிடிக்கும். சொடுக்கும்போது வளையம் தெரிவது பிடிக்காமல் அந்த அவுட்லைனையே எடுத்துவிடுபவர்கள், விசைப்பலகையில் செல்பவரைக் கண்ணைக் கட்டி விடுகிறார்கள். இணைய அணுகல்தன்மை வழிகாட்டியான டபிள்யூசிஏஜியின் 2.4.7 விதி, ஏஏ நிலையில், ஃபோகஸ் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்கிறது. சரியான தேர்வு :ஃபோகஸ்-விசிபிள். விசைப்பலகையில் வந்தால் காட்டும், பொத்தானைச் சொடுக்கினால் பொதுவாகக் காட்டாது. எழுதும் களத்தில் எப்படி வந்தாலும் காட்டும், அது பிழையல்ல. வளையத்தை அவுட்லைனாகவே வையுங்கள், 2 அல்லது 3 பிக்சல், அவுட்லைன்-ஆஃப்செட் 2 பிக்சல். பாக்ஸ்-ஷேடோவில் மட்டும் வரைந்தால், விண்டோஸின் உயர்மாறுபாட்டு நிறங்களில் அது மறைந்துவிடும். களத்தைச் சுற்றிய பெட்டி முழுவதும் ஒளிர வேண்டுமென்றால் :ஃபோகஸ்-விதின். அது சொடுக்குக்கும் எரியும். விசைப்பலகைக்கு மட்டும் வேண்டுமென்றால் .களம்:ஹாஸ்(:ஃபோகஸ்-விசிபிள்), ஆனால் எழுதும் களத்தில் அதுவும் சொடுக்குக்கு எரியும்.

பிழைக்களத்தில் :இன்வாலிட் எடுக்கவே எடுக்காதீர்கள். கட்டாயக் களங்கள் பக்கம் திறந்தவுடன் சிவந்து நிற்கும். :நாட்(:பிளேஸ்ஹோல்டர்-ஷோன்):இன்வாலிட் கொஞ்சம் மேல், ஆனால் மின்னஞ்சலின் முதல் எழுத்திலேயே சிவக்கும், பிளேஸ்ஹோல்டரும் கட்டாயம் கொடுக்க வேண்டும். :யூசர்-இன்வாலிட், பயனர் களத்தை நிரப்பி வெளியேறிய பிறகு அல்லது அனுப்ப முயன்ற பிறகுதான் பொருந்தும். 2023 முதல் மூன்று பிரவுசர்களிலும் இருக்கிறது.

:எம்ப்டி பற்றி ஒரு வரி: டேக்குக்குள் ஓர் இடைவெளியோ வரிமுறிவோ இருந்தாலும் பிரவுசர்கள் அதைக் காலி என்று கருதுவதில்லை. :நாட்(:ஹாஸ்(*)) என்று எழுதினால் உறுப்புகள் இல்லாததைப் பிடிக்கும், ஆனால் வெறும் எழுத்து உள்ளதையும் சேர்த்துப் பிடிக்கும். டெம்ப்ளேட்டில் இடைவெளியை நீக்குவதே நம்பகமான வழி.

பழைய பிரவுசருக்கு

:ஹாஸ் இல்லாத பிரவுசர் உங்கள் பயனர்களிடம் இன்னும் இருந்தால், முதலில் :ஹாஸ் இல்லாத அமைப்பை முழுமையாக எழுதுங்கள். பிறகு @சப்போர்ட்ஸ் செலக்டர்(:ஹாஸ்(ஏ)) என்ற நிபந்தனைக்குள் மேம்பட்டதை வையுங்கள். மறைத்து வைத்ததைக் காட்டும் பொறுப்பை :ஹாஸிடம் மட்டும் கொடுக்காதீர்கள். அது புரியாத பிரவுசரில் அந்த உள்ளடக்கம் என்றைக்கும் வெளியே வராது. :ஹாஸ் உள்ள செலக்டரைக் காற்புள்ளி போட்டு மற்றவற்றோடு சேர்க்காமல் தனி விதியாக எழுதுங்கள். சுருக்கும் கருவி சில சமயம் ஒரே ஸ்டைல் உள்ள விதிகளைத் தானே ஒன்றுசேர்க்கும். வெளியிடும் முன் சுருக்கிய கோப்பைத் திறந்து அவை இன்னும் தனித்தனியாகத்தான் நிற்கின்றனவா என்று பார்த்துவிடுங்கள்.